ஃபைபர் அறுந்தால் டிஎஸ்எல்: ரௌட்டரில் இரண்டாம் இணைப்பு சேர்த்தவர்களின் அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

நான் பணிபுரியும் கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்துக்கு வரும் ஃபைபர், நெடுஞ்சாலை ஓரமாகவே வருகிறது. குழாய் பதிக்க ஜேசிபி இறங்கினால் எங்கள் அலுவலகம் நின்றுவிடும். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற வேண்டுமானால் ஷிப்பிங் பில் முதலில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவாக வேண்டும். அதற்குரிய இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் இங்கிருந்துதான் சுங்க முகவருக்குப் போகின்றன. எனவே ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், சரக்கு குறைந்திருந்த வேளையில், தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல்லை இரண்டாம் இணைப்பாகச் சேர்த்தோம்.

இந்தக் காலத்தில் டிஎஸ்எல் எதற்கு என்று பலரும் கேட்டார்கள். இன்னொரு நிறுவனத்தின் ஃபைபரை வாங்கினால் அதுவும் அதே சாலையோரமாகவே வரும். ஒரே ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும். தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் செல்பேசி இணையம் எப்படித் திணறும் என்பது இப்பகுதியினருக்குத் தெரியும். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியோ வேறு தெரு வழியாக எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் அதுவும் ஃபைபர்தான் என்பதால், அந்தப் பாதை எந்த வழியாகச் செல்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பித்தோம்.

டிஎஸ்எல் மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (தரவை அப்படியே ரௌட்டருக்குக் கடத்த மட்டும்) மாற்றி, பிபிபிஓஇ எனப்படும் உள்நுழைவு முறைக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எங்கள் ரௌட்டரின் இரண்டாம் வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டில் கொடுத்தோம். உள் கணினிகளின் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலையை (NAT) மோடமே செய்து, ரௌட்டரும் மறுபடி செய்தால், தலைமை அலுவலகத்தோடு நம்மை இணைக்கும் பாதுகாப்பான வழியான விபிஎன்னில் தேவையற்ற சிக்கல்கள் முளைக்கும். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ 1500 அல்ல, 1492. அதற்கேற்ப டிசிபி எம்எஸ்எஸ் (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் அடங்கும் தரவு) 1452. இதைக் கவனிக்காவிட்டால் கூகுள் திறக்கும், வங்கித் தளம் பாதியில் தொங்கும், கோப்பு ஏறவே ஏறாது. பார்ப்பவர்கள் லைன் மோசம் என்று எக்ஸ்சேஞ்சைத் திட்டுவார்கள்.

உண்மையான வேலை, எப்போது மாறுவது என்பதை ரௌட்டருக்குக் கற்றுக்கொடுப்பதில்தான் இருக்கிறது. ஃபைபர் எங்கோ தொலைவில் அறுந்தாலும், அலுவலகச் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி ரௌட்டருடன் பேசிக்கொண்டுதான் இருக்கும். போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். ரௌட்டரும் எல்லாம் நலம் என்றே நம்பும். ஆகவே விளக்கை நம்பாமல், வெளியில் உள்ள ஒரு முகவரியை, உதாரணமாக 8.8.8.8ஐ, இடைவிடாமல் பிங் செய்யச் (பதில் வருகிறதா என்று சிறு பாக்கெட் அனுப்பிப் பார்க்கச்) சொல்லி, பதில் நின்றால் முதல் பாதையை நீக்கிவிட்டு, கூடுதல் டிஸ்டன்ஸ் (அதாவது குறைந்த முன்னுரிமை) கொடுத்து வைத்திருக்கும் டிஎஸ்எல் பாதையை எடுக்கும்படி அமைத்தோம். அந்தப் பிங் எப்போதும் ஃபைபர் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று தனி ரூட் (பாதை விதி) எழுதுவது கட்டாயம். இல்லையென்றால், மாறியவுடன் பிங் டிஎஸ்எல் வழியாகச் சென்று பதில் பெறும், ஃபைபர் வந்துவிட்டதென்று எண்ணி ரௌட்டர் திரும்பும், மறுபடி விழும், அலுவலகம் முழுவதும் ஊசலாடும்.

சென்னைத் தலைமை அலுவலகத்து விபிஎன், எங்கள் ஃபைபரின் நிலையான முகவரியை மட்டுமே ஏற்கும்படி இருந்தது. டிஎஸ்எல்லில் முகவரி அவ்வப்போது மாறும் என்பதால், இங்கிருந்தே இணைப்பைத் தொடங்கி, பெயரைக் கொண்டு அடையாளம் காட்டும் முறைக்கு மாற்றச் சொன்னோம். டிஎஸ்எல் வகைகளில் ஒன்றான ஏடிஎஸ்எல்2+இல் இறங்கு வேகம் கோட்பாட்டளவில் 24 எம்பிபிஎஸ் வரை இருந்தாலும், ஏறு வேகம் ஏறத்தாழ 1 எம்பிபிஎஸ்தான். எனவே கேமராப் பதிவுகளையும் விண்டோஸ் அப்டேட்டுகளையும் அந்த வழியில் தடுத்துவிட்டோம்.

உப்புக் காற்றைச் சொல்லாமல் விட முடியாது. கம்பத்தில் இருந்த இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மழை பெய்தால், இரைச்சலைத் தாங்க லைனில் மிஞ்சியிருக்கும் இடைவெளி (எஸ்என்ஆர் மார்ஜின்) 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கி லைன் விழும். லைன்மேன் அந்த இணைப்புகளை வெட்டியெறிந்துவிட்டு ஜெல் நிரப்பிய கனெக்டர்களைப் போட்ட பிறகுதான் நிலைத்தது.

கீழக்கரையிலிருந்து:

சார், எங்கள் பயண முகவர் அலுவலகத்திலும் இதே அமைப்புதான். எங்களைத் திணறடித்தது, தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ். டிஎஸ்எல்லுக்கு மாறியதும் பிங் போகும், எந்தத் தளமும் திறக்காது. எல்லாக் கணினிகளிலும் முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி இருந்தது. அது தன் சந்தாதாரர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். கணினிகளுக்கு ரௌட்டரின் முகவரியையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்து, ரௌட்டரில் பொதுச் சேவையொன்றை வைத்ததும் தீர்ந்தது. கடை முதலாளியான காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), இரண்டு பில் கட்டுவதா என்று முதலில் முகம் சுளித்தார். டிக்கெட் அடிக்கும் நேரத்தில் ஃபைபர் போன ஒருநாளுக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ராமேசுவரத்திலிருந்து:

தங்கும் விடுதி நடத்துபவன் என்ற முறையில் ஒரு சொல். மண்டபத்து நண்பர் சொல்லும் பாதை விசாரணை தீவுக்குள் வேறு மாதிரி முடிகிறது. எங்களுடைய ஃபைபர், டிஎஸ்எல் இரண்டுமே பாம்பனைக் கடந்துதான் வருகின்றன. தெருவில் அறுந்தால் டிஎஸ்எல் காப்பாற்றுகிறது. பாம்பனுக்கு அப்பால் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. அதனால் வரவேற்பறையில் அன்றைய முன்பதிவுப் பட்டியலைக் காலையிலேயே அச்சிட்டு வைக்கும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. இன்னொன்று: மோடத்தையும் ரௌட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மின்சாரம் போனால் பல இடங்களில் ரௌட்டர் மட்டும் ஓடுகிறது, மோடம் அணைந்து கிடக்கிறது.