பொருள்: கேவிடேஷன், வென்டிலேஷன் – படகு விசிறிக் கோளாறுகளுக்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கிழக்கு டெக்சாஸில் சாம் ரேபர்ன் ஏரிப் பக்கம் தூண்டில் போடப் போகிற தமிழர்கள் சிலர் சேர்ந்து, பழைய பேஸ் படகு வாங்குபவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். பேஸ் என்பது இங்கே ஏரிகளில் கிடைக்கும் நன்னீர் மீன். அதைப் பிடிப்பதற்கென்றே செய்த படகு தாழ்வாக, நீளமாக, 20 அடி அளவில் இருக்கும். பின்னால் 200, 250 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் மாட்டியிருக்கும். நல்ல நிலையில் இருந்தால் மணிக்கு 70 மைல் சாதாரணமாகப் போகும்.

ஓர் அத்தியாயம் சொல் இல்லாமல் நின்றுபோய்க் கிடக்கிறது. எஞ்சின் அலறுகிறது, சுற்று காட்டும் முள் திடீரென்று ஏறுகிறது, படகு மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது. பழைய படகு வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் ‘கேவிடேஷன்’ என்று ஒரே பதில்தான். அந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, விசிறி காற்றை இழுப்பது. நீர்ப்பரப்பிலிருந்தோ, எஞ்சின் வெளியே விடும் புகையிலிருந்தோ காற்று இதழ்களுக்குள் புகுந்துவிடும். பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் விசிறி எகிறும். படகை ஒடித்துத் திருப்பும்போது வரும். எஞ்சினை அளவுக்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தாலும், டிரிமை, அதாவது எஞ்சின் சாய்ந்திருக்கும் கோணத்தை, ரொம்ப வெளியே தள்ளியிருந்தாலும் வரும். டிரிமை உள்ளே இழுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் விசிறி மறுபடி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான பெயர் வென்டிலேஷன்.

இரண்டாவதுதான் உண்மையான கேவிடேஷன். இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்கி, தண்ணீர் சூடாகாமலே ஆவிக்குமிழாகிறது. 20 பாகை செல்சியஸில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே போனாலே கொதித்துவிடும். அந்தக் குமிழ் அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் சட்டென்று நொறுங்கும். அந்த அடி விழுந்து விழுந்து உலோகம் அரித்துப் புள்ளி புள்ளியாகிவிடும். இதழின் முன்விளிம்பில் ஒரு வெட்டோ மடிப்போ இருந்தால் போதும், அதற்குப் பின்னால் இது தொடங்கும். 1,14,500 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியில் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளுக்குப் பஞ்சமில்லை. வெட்டு விழாத விசிறியைப் பழைய படகில் பார்ப்பது அபூர்வம்.

மூன்றாவது, விசிறியின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் பிடி விடுவது. அச்சு சுற்றும், விசிறி அதனோடு முழுதாகச் சுற்றாது. கட்டையில் இடித்தால் கியர் உடையாமலிருக்கத்தான் அந்த ரப்பரை வைத்தார்கள். பழசானதும் இடிக்காமலே நழுவுகிறது. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. நேராகப் போகும்போதே, டிரிம் உள்ளே இருக்கும்போதே, விசையைக் கூட்டியதும் எகிறினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பெயர் குழம்பினால் பணம் போகிறது. எஞ்சினை ஓர் அங்குலம் இறக்கினால் தீரக்கூடிய கோளாறுக்குப் புது விசிறி வாங்குகிறார்கள். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் விசிறிக்கு நேர்மேலே படுக்கையாக இருக்கும் தகட்டை எல்லோரும் ‘கேவிடேஷன் பிளேட்’ என்கிறார்கள். அது தடுப்பது மேலிருந்து வரும் காற்றை. கேவிடேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில் ஊறிப்போன இந்தத் தவறைத் தமிழிலும் கொண்டுவர வேண்டாம் என்று பார்க்கிறேன்.

என் முன்மொழிவு: வென்டிலேஷனுக்குக் காற்றிழுப்பு, கேவிடேஷனுக்குக் குழிவாக்கம், மூன்றாவதற்குக் குடநழுவல். வண்டிச்சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்பார்கள் இல்லையா, அதை எடுத்துக்கொண்டேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டெக்சாஸிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

> வென்டிலேஷனுக்குக் காற்றிழுப்பு

இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் கோவையில் பம்புத் தொழிலில் இருந்தவன். ஃபுட்வால்வு கிணற்றுத் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டாலோ, உறிஞ்சுகுழாய் மூட்டில் ஓட்டை இருந்தாலோ ‘மோட்டார் காத்து இழுக்குது’ என்று விவசாயி சொல்வார். உங்கள் விசிறியில் நடப்பதும் அதே காரியம்தான். வெளிக்காற்று உள்ளே வருகிறது. சொல் புதிதாக இருந்தாலும் காதுக்குப் பழையது.

குழிவாக்கம் மட்டும் வேண்டாம். பம்பின் இம்பெல்லரைக் கழற்றிக் காட்டி ‘குழிவாக்கம்’ என்றால், பார்ப்பவர் உலோகத்தில் விழுந்த குழிகளைத்தான் நினைப்பார். அது விளைவு. நடந்தது தண்ணீருக்குள்.

ஆங்கிலச் சொல் பிறந்த இடமும் கப்பல் விசிறிதான். 1890-களில் டேரிங் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. விசிறியின் இதழில் தண்ணீர் விட்டுப்போய் ஒரு பொள்ளல் உண்டாகிறது என்று கண்டபோது, அதற்கு ஆர். ஈ. ஃப்ரூட் கொடுத்த பெயர் அது. அதாவது குழி என்று அவர் சொன்னது தண்ணீரில் விழுந்த குழியை. அதே காலத்தில் சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பைன் படகான டர்பினியாவை ஒரே விசிறியோடு ஓட்டிப் பார்த்து, இதே சிக்கலில் மாட்டினார். விசிறியைச் சுற்றி நடப்பதைக் கண்ணால் பார்க்கத் தனியாக ஒரு நீர்த்தொட்டி கட்டினார். கடைசியில் மூன்று அச்சு, அச்சுக்கு மூன்று என ஒன்பது விசிறிகள் பொருத்தி, 1897-இல் கடற்படை அணிவகுப்பில் எல்லோர் முன்னிலும் பறந்து காட்டினார்.

நான் சொல்வது தண்கொதிப்பு. சூடில்லாமல் கொதிப்பது. அதனால் உலோகத்தில் விழும் அரிப்புக்குக் கொதிவடு என்று வைத்துக்கொள்ளலாம். நோய்க்கு ஒரு பெயர், தழும்புக்கு ஒரு பெயர் என்று பிரிந்துவிடும்.

– கோவையிலிருந்து

———

> நான் சொல்வது தண்கொதிப்பு.

அழகான சொல், ஆனால் ஆகஸ்டு மாதத்து டெக்சாஸ் ஏரித் தண்ணீரைத் தண் என்று சொல்ல மனம் வரவில்லை. இயற்பியல் பாடத்தில் ஆவிக்குமிழாக்கம் என்று எழுதினால் மாணவருக்கு நடப்பது என்னவென்று நேராகப் புரியும். அல்லது கேவிடேஷன் என்றே விட்டுவிடலாமே? பஸ்சையும் ரயிலையும் ஏற்றுக்கொண்ட மொழிக்கு இது ஒன்றும் பாரமில்லை.

– சென்னையிலிருந்து

———

வணக்கம். பருத்தித்துறைப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன், இப்போது டொரொண்டோவில்.

சென்னை நண்பருக்கு: கேவிடேஷன் என்று விடலாம்தான். ஆனால் முதல் மடலை இன்னொரு தரம் படியுங்கோ. கடன்வாங்கின சொல் தன் பொருளோடு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. இது மூன்று பொருளைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

குடநழுவல் எனக்குச் சரியாகப் படவில்லை. சின்ன எஞ்சின்களில், அதுவும் பழையவற்றில், ரப்பருக்குப் பதிலாக மெல்லிய ஊசி ஒன்று குறுக்கே போட்டிருக்கும். கல்லில் அடித்தால் அது அறும். அறுந்ததும் எஞ்சின் ஓடும், அச்சு சும்மா சுற்றும், விசிறி அதோடு வராது. அங்கே நழுவுவதற்கு ஒன்றுமில்லை, ஆனால் ஓட்டுகிற ஆளுக்குத் தெரிகிற கோளாறு ஒன்றுதான். அதனால் வெற்றுச்சுற்று என்று வைத்தால் ஊசிக்கும் ரப்பருக்கும் சேர்த்துப் பொருந்தும்.

கையேட்டில் படகின் முன்பக்கத்துக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? முகப்பு, மூக்கு என்றெல்லாம் போட வேண்டாம். அணியம் என்ற சொல் இருக்கிறது. இரண்டு கரையிலும் புழங்குகிறது.

———

அனைவருக்கும் நன்றி. அணியத்தை எடுத்துக்கொண்டேன்.

வெற்றுச்சுற்றை ஏற்க இன்னொரு காரணமும் கிடைத்தது. நழுவல் என்ற சொல்லை வேறொன்றுக்கு ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. விசிறி ஒரு முழுச் சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டுமோ, அதுதான் அதன் பிட்ச். தண்ணீர் விட்டுக்கொடுப்பதால் அத்தனை அங்குலம் போகாது. அந்தக் குறைவுக்கும் ஆங்கிலத்தில் ஸ்லிப் என்றே பெயர், ஆனால் அது கோளாறு இல்லை. எல்லா விசிறியிலும் இருக்கும்.

கணக்கு இப்படி: எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, பிறகு 1056-ஆல் வகுத்தால், நழுவலே இல்லாவிட்டால் வர வேண்டிய வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 5800 சுற்று, 25 அங்குலப் பிட்ச், 1.75 கியர் என்றால் 78 மைலுக்குக் கொஞ்சம் மேலே. ஜிபிஎஸ் 70 காட்டினால் நழுவல் ஏறத்தாழ 11 விழுக்காடு. நல்ல பேஸ் படகுக்கு இது ஒழுங்கான எண். அதே படகு அதே சுற்றில் 60-தான் காட்டுகிறது என்றால் நழுவல் 23-ஐத் தாண்டிவிட்டது. அங்கே காற்றிழுப்போ தண்கொதிப்போ வெற்றுச்சுற்றோ ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. பிட்ச் எண் விசிறியிலேயே பொறித்திருக்கும். யாராவது பட்டறையில் கொடுத்து மாற்றியிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது என்பதையும் கையேட்டில் சேர்க்கிறேன்.

மூன்றில் எது என்று பிரிக்கும் வழியையும் சொற்களோடு சேர்த்து எழுதிப் பார்த்தேன். சொல் நிற்குமா என்று அப்போதுதான் தெரியும். ‘விசிறியின் பின்பக்கம் உள்குழலிலிருந்து வெளிக்குடம் வரை மார்க்கரால் ஒரே கோடு இழுக்கவும். முழுவேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்க்கவும். கோடு முறிந்து விலகியிருந்தால் வெற்றுச்சுற்று. கோடு நேராக இருந்தால் இதழ்களைத் தடவவும். முன்விளிம்பில் வெட்டும், அதன் பின்னால் கொதிவடுவும் இருந்தால் தண்கொதிப்பு. இரண்டும் இல்லை, திருப்பத்திலும் டிரிம் ஏறும்போதும் மட்டும் எகிறுகிறது என்றால் காற்றிழுப்பு. எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்க்கவும்.’ நண்பர்களிடம் படித்துக் காட்டினேன். கொதிவடுவை யாரும் விளக்கம் கேட்கவில்லை. தண்கொதிப்புக்கு ஒரு வரி விளக்கம் தேவைப்பட்டது. ஆவிக்குமிழாக்கத்துக்கும் தேவைப்பட்டது, சொல்லி முடிக்கவும் நேரமானது.

காற்றிழுப்பில் ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். சில விசிறிகளில் குடத்தில் துளை போட்டே விற்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்தத் துளை வழியாகப் புகை கசிந்து இதழ்களுக்குப் போகும். விசிறியின் பாரம் குறைந்து எஞ்சின் சட்டென்று சுற்றுப் பிடிக்கும், படகு சீக்கிரம் நீர்மேல் எழும்பும். வேகம் வந்ததும் தண்ணீரின் ஓட்டமே அந்தக் கசிவை அடக்கிவிடும். இங்கே காற்றை வேண்டுமென்றே கொடுக்கிறோம். இதையும் இழுப்பு என்றால் கோளாறு போலத் தொனிக்கிறது. பழைய படகில் இந்தத் துளைகளின் அடைப்பான் காணாமல் போயிருப்பது வழக்கம், அதனால் இதை விட்டுவிட்டும் எழுத முடியாது.

———

> இங்கே காற்றை வேண்டுமென்றே கொடுக்கிறோம்.

அப்படியென்றால் காற்றூட்டல். தானாக வந்தால் இழுப்பு, நாமாகக் கொடுத்தால் ஊட்டல். துளைக்குக் காற்றூட்டுத் துளை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலேயே அடைக்க வேண்டியதில்லை.

அந்தத் தகட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். காற்றுத்தடுப்புத் தகடு என்று எழுதலாம், ஆனால் நீளம். காற்றுமறி தகடு எப்படி? வழிமறிப்பது போல மேலிருந்து வரும் காற்றை மறிக்கிறது. வினைத்தொகை, அதனால் நடுவில் ‘த்’ போட வேண்டாம்.

– கோவையிலிருந்து

———

காற்றுமறி தகடுக்கு என் வாக்கு. அச்சில் யாராவது ஒற்றுப் போடத்தான் போகிறார்கள், மெய்ப்புப் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தண்கொதிப்பைப் பற்றி என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கையேடு உங்களுடையது. பாடநூலுக்கு நான் ஆவிக்குமிழாக்கத்தையே பரிந்துரைப்பேன்.

– சென்னையிலிருந்து

———

சரி. கையேட்டில் காற்றிழுப்பு, காற்றூட்டல், தண்கொதிப்பு, கொதிவடு, வெற்றுச்சுற்று, நழுவல், காற்றுமறி தகடு என்று போகிறது. தண்கொதிப்பு முதலில் வரும் இடத்தில் ஆவிக்குமிழாக்கம் என்றும் சொல்வர் என ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

அடுத்த அத்தியாயம் படகின் ஆட்டம். டிரிம் ஏறினால் அணியம் மேலும் கீழுமாகக் குதிப்பது ஒன்று. வேகம் கூடும்போது படகு அடிப்பட்டையின்மேல் ஏறி நின்று இடமும் வலமுமாகத் தள்ளாடுவது இன்னொன்று. முதலாவதற்குப் பின்பாரம், டிரிம், அடிப்பலகையின் வளைவு என்று தேட வேண்டும். இரண்டாவதற்குச் சுக்கான் சக்கரத்தின் லூசிலிருந்து தொடங்க வேண்டும். பருத்தித்துறை நண்பர் கடற்கரையில் இந்த இரண்டு ஆட்டத்துக்கும் தனித்தனிச் சொல் கேட்டிருந்தால் புது இழையில் எழுதுங்கள், இதிலேயே தொடர்ந்தால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.

– டெக்சாஸிலிருந்து