அவசரம்: வெளிச்சுவர் மரப்பலகை வளைகிறது, வெடிக்கிறது. வேறு மரம் வாங்கவா?

அரைவேலை
வணக்கம். வீட்டின் முன்சுவருக்கு வெளிப்புறம் பழைய பாணியில் மரப்பலகை அடித்தோம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பலகை வளைகிறது, சிலது நடுவில் நீளமாக வெடித்துவிட்டது, கருப்பாக வழிந்த தடம் வேறு. பக்கச்சுவர் இன்னும் பாக்கி, தச்சர் திங்கட்கிழமை வருகிறார். அதற்கு எந்த மரம் வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

நனைந்தகாகம்
இப்போது அடித்திருப்பது என்ன மரம்? பலகை நின்றவாக்கா, படுக்கைவாக்கா? பின்னால் காற்று போக இடைவெளி உண்டா? என்ன ஆணி? என்ன பூச்சு? கடலோரமா? ஒரு படம் போட்டால் பாதிக் கேள்வி மிச்சம்.

உளிச்சத்தம்
படமே வேண்டாம், பச்சை மரம். "நன்றாகக் காய்ந்தது" என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடுவதா? ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிச்சுவர்ப் பலகை 16 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் இறக்கவே விடாதீர்கள். எந்த மரமானாலும் ஈரத்தோடு அடித்தால் சுவரிலேயே காயும், காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அவ்வளவுதான் கதை.

அரைவேலை
மரம் நல்ல மரம்தான், சீடர் (cedar) மரம். பலகை நின்றவாக்கு. பின்னால் ரீப்பர், அதாவது பலகையை அடிக்கும் மரச்சட்டம், இருக்கிறது. வார்னிஷ் இரண்டு கை அடித்தோம். சரி, பக்கச்சுவருக்குத் தேக்கு போடலாமா?

இழைப்புளி
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: சீடரோ தேக்கோ, உழைப்பது வைரம் பாய்ந்த உள்பகுதி மட்டும்தான். ஓரத்து வெள்ளையோடு வாங்கினால் எந்த மரமும் மக்கும். அடுத்து, சீடரிலும் ஓக்கிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. சாதாரண இரும்பு ஆணி அதில் பட்டு நனைந்தால் கருப்பு வழியத்தான் செய்யும். துருப்பிடிக்காத எஃகு ஆணி வேண்டும், கடலோரம் என்றால் 316 தரம். மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆணியைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மழைச்சாரல்
கருப்பு என்றாலே ஆணிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பூஞ்சையாகவும் இருக்கலாமே. மறைவான இடத்தில் கொஞ்சம் ப்ளீச் தடவிப் பாருங்கள். வெளுத்தால் பூஞ்சை. அசையாமல் நின்று, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலுக்கு மறைந்தால் இரும்புக் கறை. அந்த அமிலம் நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். ஒன்றைக் கழுவி முடித்த பிறகுதான் மற்றது, இரண்டையும் கலக்கவே கூடாது. இன்னொன்று, தடம் ஒவ்வொரு ஆணித்தலைக்குக் கீழிருந்தும் வால் மாதிரி இறங்கினால் சோதனையே தேவையில்லை.

கரிப்பலகை
வார்னிஷ் அடித்தது வம்பு. ஜப்பானில் சுகி மரப்பலகையின் முகத்தைத் தீயில் கருக்கி அடிப்பார்கள், யாகிசுகி என்று பெயர். பூச்சே வேண்டாம். நீங்களும் ஊதுவிளக்கு வைத்துக் கருக்கிவிடலாம்.

இழைப்புளி
சுவரில் அடித்த பலகையில் ஊதுவிளக்கா? அதுவும் வார்னிஷ் மேல்? பின்னால் இருக்கும் இடைவெளி புகைபோக்கி போல நெருப்பை மேலே இழுக்கும். அதனால்தான் உயரமான கட்டடங்களில் இடையிடையே தீத்தடுப்பு வைக்கிறார்கள். எதை எங்கே சொல்வது என்று ஒரு அளவு வேண்டாமா?

கரிப்பலகை
கழற்றி வைத்துத்தான் சொன்னேன். படிக்கும் முன்பே பாய வேண்டியது.

உளிச்சத்தம்
கழற்றி வைத்து என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்? இருக்கட்டும். வார்னிஷைப் பற்றிச் சொன்னது சரி. வெயிலில் படலம் வெடிக்கும், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. எண்ணெய்தான் நல்லது, வெளிறினால் மேலேயே மறுபடி தடவலாம். வார்னிஷ் உரிந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும்.

மழைச்சாரல்
ஏன் எதையாவது பூச வேண்டும்? சீடரைச் சும்மா விட்டால் சாம்பல் நிறமாகும். அது பழுதல்ல, வெயில் பட்ட மேல்தோல் மட்டும் நிறம் மாறுவது.

உளிச்சத்தம்
கூரை நீட்டத்துக்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே சாம்பல், ஜன்னலடியில் திட்டுத்திட்டு. பார்க்கச் சகிக்காது.

மழைச்சாரல்
சகிப்பது வீட்டுக்காரர், நீங்கள் அல்ல. அப்புறம், எண்ணெய் பூசச் சொன்னீர்களே, அந்தத் துணியைப் பற்றியும் சொல்லுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

பழையவாசல்
பூச்சுச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அரைவேலை, மூன்று விஷயம் கேட்கிறேன். ரீப்பர் எந்த வாக்கில் ஓடுகிறது? பலகையின் ஓரங்கள் வெளிப்பக்கம் தூக்குகின்றனவா, நடு புடைக்கிறதா? இரண்டு பலகை சேரும் இடத்தை மூடும் பட்டைக்கு ஆணி எங்கே இறங்கியிருக்கிறது?

அரைவேலை
ரீப்பர் படுக்கையாக, நேரே சுவரில். ஓரம்தான் தூக்குகிறது, பட்டையையும் சேர்த்து. பட்டைக்கு இரண்டு பக்கமும் ஆணி, பலகைக்குள் இறங்கியிருக்கிறது. கெட்டியாக இருக்கட்டும் என்று தச்சர் அப்படி அடித்தார்.

பழையவாசல்
அப்படியானால் மரத்தை விட்டுவிடுங்கள், மரம் பாவம். எந்தப் பக்கம் நனைகிறதோ அந்தப் பக்கம் விரியும். ஓரம் வெளியே தூக்குகிறது என்றால் முதுகுதான் ஈரம். நின்றவாக்குப் பலகைக்குப் பின்னால் படுக்கை ரீப்பரைச் சுவரோடு ஒட்டி அடித்தால், உள்ளே போன தண்ணீர் ஒவ்வொரு ரீப்பர் மேலும் தங்கும், காற்றும் கீழிருந்து மேலே ஏறாது. முன்பக்கம் வார்னிஷ், பின்பக்கம் தண்ணீர். வளையாமல் என்ன செய்யும்?

பக்கச்சுவரில் முதலில் நின்றவாக்கில் ஒரு வரிசை ரீப்பர், அதன்மேல் படுக்கையாக இன்னொரு வரிசை, அதன்மேல் பலகை. படுக்கை ரீப்பரின் மேல்முகத்தைச் சுவருக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து வெட்டுவது வழக்கம்தான். ஆனால் பின்வரிசை இருந்தால் சரிவைச் சுவர்ப்பக்கமாக விடுங்கள், தண்ணீர் பலகையின் முதுகில் படாமல் அந்த இடைவெளியில் இறங்கிவிடும். பின்வரிசை 25 மி.மீ. தடிமன் இருக்கட்டும். அடியிலும் தலையிலும் அடைக்காமல் பூச்சி வலை மட்டும் வையுங்கள். தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. தூக்கி ஆரம்பியுங்கள், முடிந்தால் 200. இல்லாவிட்டால் மழை தெறித்து அடிநுனிதான் முதலில் போகும். வெட்டிய நுனிகளில் மரம் தண்ணீரை உறிஞ்சும், அங்கே கட்டாயம் பூச்சு வேண்டும்.

வெடிப்புக்குக் காரணம் பட்டை ஆணி. 150 மி.மீ. பலகை ஈரம் ஏறி இறங்கும்போது அகலத்தில் 2 மி.மீ. வரை அசையலாம். இரண்டு ஓரத்தையும் ஆணியால் பூட்டிவிட்டால் சுருங்கும்போது போக்கிடம் இல்லை, நடுவில் பிளக்கும். பலகைக்கு நடுவில் மட்டும் ஆணி. பலகைகளுக்கு இடையே சின்ன இடம் விட்டு, பட்டையின் ஆணி அந்தச் சந்து வழியாக நேரே ரீப்பருக்குள் போக வேண்டும். பட்டை இருபக்கமும் 20 மி.மீ.யாவது பலகைமேல் ஏறி உட்கார வேண்டும்.

இழைப்புளி
இதைத்தான் நான் முன்பே ஒரு இழையில் விரிவாக எழுதியிருந்தேன்.

கரிப்பலகை
சுட்டி?

அரைவேலை
தச்சரிடம் பேசிவிட்டேன். பக்கச்சுவருக்கு இரட்டை ரீப்பர், அதே சீடர். முன்பக்கம் மழை விட்டதும் கழற்றிப் பார்க்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

நனைந்தகாகம்
ஆணி மாற்றினீர்களா?

புதுமச்சு
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது படுக்கைப் பலகை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் சேர்த்து ஒரே ஆணியாக அடிக்கலாமா?

இழைப்புளி
தனி இழை தொடங்குங்கள்.

பழையவாசல்
கூடாது. கீழ்ப்பலகையின் தலைக்குச் சற்று மேலே, மேல்பலகையில் மட்டும், ஒரு ரீப்பருக்கு ஒரு ஆணி. ரீப்பர் நின்றவாக்கில், பலகை பலகைமேல் 25 மி.மீ.யாவது ஏறட்டும். என்ன மரம், எவ்வளவு தடிமன்?