2022 கிளாசிக் 350, நிறைய எக்ஸ்ட்ரா ஃபிட்டிங், 2.05 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கரூர் ரைடர்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பார்த்து வைத்திருக்கிறேன். ஹால்சியன் என்ற வகை, கறுப்பு நிறம், 2022 ஜூன் பதிவு, முதல் ஓனர், மீட்டரில் 21,400 கிலோமீட்டர். ஸ்போக் வீலை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் போட்டிருக்கிறார். அது போக வெளிக் கம்பெனி சைலன்சர், டூரிங் சீட், இரண்டு ஃபாக் லைட், பெரிய கிராஷ் கார்டு, பின்னால் பை மாட்ட ஸ்டே, அகலமான ஹேண்டில் பார், அதன் முனையில் மாட்டும் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறார், கூட்டினால் 68 ஆயிரம் வருகிறது.

அவர் கணக்கு இப்படி: ஸ்டாக் வண்டி, அதாவது கம்பெனி கொடுத்தபடி எதுவும் மாற்றாதது, 1.45 லட்சம் போகிறது, ஃபிட்டிங்ஸுக்கு 60 ஆயிரம், ஆக 2.05. "இரண்டுக்குக் கீழே பேச வேண்டாம்" என்கிறார். நான் தேடியதில் அதே வருட வண்டிகளுக்கு 1.40 முதல் 1.50 வரை சொல்கிறார்கள். ஷோரூமில் புது ஹால்சியன் ஆன்ரோடு 2.25 பக்கம் சொன்னார்கள்.

தினமும் வேலைக்குப் போய் வரவும், அவ்வப்போது கொல்லிமலை, வால்பாறை பக்கம் போகவும்தான் வண்டி. வண்டி மனதுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இந்த 60 ஆயிரத்தை எப்படி எடை போடுவது என்று தெரியவில்லை. அனுபவமுள்ள அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.


ஈரோடு பட்டறை:

தம்பி, அந்தப் பில் கட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்க. அவர் ஆசைப்பட்டுச் செய்த செலவு அது, வண்டி விலையில் அப்படியே ஏறாது. பழைய வண்டி வாங்கி விற்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நான் விலை சொல்லும்போது முதலில் மனதுக்குள் எல்லா எக்ஸ்ட்ராவையும் கழற்றி வைத்துவிடுவேன். மொட்டை வண்டியாக நின்றால் என்ன விலை? அதுதான் அடி விலை. அப்புறம் ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் தனியாகக் கழற்றி விற்றால் கையில் என்ன வரும் என்று பார்ப்பேன். அதிலும் வாங்குகிறவருக்கு உபயோகப்படுவதை மட்டும்தான் கூட்டுவேன். கடைசியாக, வண்டியை எடுத்தவுடன் நீங்கள் செய்தே ஆக வேண்டிய செலவைக் கழிப்பேன்.

அடி விலையிலேயே ஒரு விஷயம் கவனிக்கணும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. கிளாசிக் 349 சிசி, அதனால் அந்த வரம்புக்குள் வருகிறது. கம்பெனியும் 350 வரிசையில் 22 ஆயிரம் வரை குறைத்தார்கள். புது வண்டி இறங்கினால் பழைய வண்டியும் இறங்கித்தான் ஆகணும். விற்கிறவர்கள் பலர் இன்னும் தாங்கள் வாங்கிய விலையை நினைத்தே பேசுகிறார்கள். விளம்பரத்தில் 1.40, 1.50 என்று இருப்பதெல்லாம் கேட்கும் விலை, கை மாறும் விலை அதற்குக் கீழேதான் நிற்கும்.

இனி ஃபிட்டிங்ஸ். அலாய்க்குக் காசு கொடுக்கலாம், ட்யூப்லெஸ் நிஜமான வசதி. ஆனால் கம்பெனி அலாயா, வெளி அலாயா என்று பில்லில் பாருங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்துப் பாருங்க. இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் நெளிந்திருக்கிறது. முன் சக்கரத்துக்கும் அதே வேலை, ஒருவர் பின்னால் அழுத்தி உட்காரணும். டயர் சைஸ் முன்னால் 100/90-19, பின்னால் 120/80-18 இருக்கணும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2322 என்றால் 2022-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது.

சைலன்சருக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீங்க, கழித்துத்தான் பேசணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்த ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டி உங்கள் பெயருக்கு வந்தபின் போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஸ்டாக் சைலன்சரை வைத்திருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. அதோடு பழைய ஸ்போக் வீல், சீட், ஹேண்டில் பார், கண்ணாடி எல்லாம் எங்கே என்றும் கேளுங்க. ஸ்டாக் சாமான் முழுசாக இருந்தால் நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் கை கொடுக்கும்.

ஃபாக் லைட்டை நம்பவே நம்பாதீங்க. சீட்டைக் கழற்றச் சொல்லி வயரைப் பாருங்க. ரிலே (லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் விடும் சுவிட்ச்), தனி ஃப்யூஸ் வைத்து ஒழுங்காக இழுத்திருந்தால் சரி. ஹெட்லைட் வயரை நடுவில் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அது உங்களுக்குச் செலவு வைக்கும் வேலை. நல்ல எலக்ட்ரீஷியனுக்கே அரை நாள் இழுக்கும்.

இதை மட்டும் மறக்காதீங்க. ஹேண்டில் பார், கண்ணாடி, கிராஷ் கார்டு மூன்றும் புதுசாக இருக்கிற வண்டியைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். விழுந்த வண்டியில் முதலில் அடி வாங்கிப் போகிற சாமான்கள் இவைதான். கிளட்ச் லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம், எஞ்சின் கவர், இந்த மூன்றிலும் விரலால் தடவிப் பாருங்க. பிறகு ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, ஃபோர்க்கும் சேஸிஸும் முட்டுகிற ஸ்டாப்பரைக் குனிந்து பாருங்க. பலமாக மோதிய வண்டியில் அந்த ஸ்டாப்பர் நசுங்கியிருக்கும், இல்லை வெல்டிங் வைத்த தடம் இருக்கும், இல்லை அந்த இடம் மட்டும் பளபளவென்று புதுப் பெயின்ட். அப்படி ஏதாவது தெரிந்தால் விலை பேசவே வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்க.

போகிற அன்றைக்கு, வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்க. போனதும் எஞ்சினில் கை வையுங்க. சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்க.


மதுரை டூரர்:

ஈரோடு அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் சம்மதம். ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வேறு கருத்து.

வால்பாறை போகிறேன் என்கிறீர்கள். அப்படியென்றால் ஸ்டே, கிராஷ் கார்டு, நல்ல சீட் எல்லாம் நீங்கள் எப்படியும் வாங்கப் போகிறவைதான். அவற்றுக்குத் தனியாக விற்றால் வருகிற விலையை மட்டும் போடுவது விற்கிறவருக்கு நியாயமில்லை. புதுசாக வாங்கினால் ஆகும் விலையில் பாதி வரை நான் கொடுப்பேன். ஆனால் சீட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் உயரத்துக்கும் எடைக்கும் வெட்டித் தைத்த சீட் உங்களுக்கு முதுகு வலி கொடுத்தால் அதன் மதிப்பு பூஜ்யம். அகல ஹேண்டிலும் அப்படித்தான். முழுசாகத் திருப்பும்போது கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.


கரூர் ரைடர்:

இரண்டு அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நல்ல செய்தி: ஸ்டாப்பர் சுத்தமாக இருக்கிறது, பழைய பெயின்ட் அப்படியே. ரிம்மில் ஆட்டமில்லை, அலாய் கம்பெனி சாமான்தான், பில்லும் ஒத்துப்போகிறது. எஞ்சின் குளிர்ந்தே இருந்தது, ஒரே செல்ஃபில் பிடித்தது. சர்வீஸ் பதிவில் உள்ள கிலோமீட்டரும் மீட்டரும் பொருந்துகிறது.

கெட்ட செய்தி: ஸ்டாக் சைலன்சரை விற்றுவிட்டாராம். ஸ்போக் வீலும் இல்லை. சீட்டும் ஹேண்டில் பாரும் பரண் மேல் இருக்கிறது, தருகிறேன் என்றார். பின் டயர் தேய்ந்து, மாற்ற வேண்டிய அடையாளக் கோட்டுக்கு வந்துவிட்டது. செயினைப் பின் ஸ்பிராக்கெட்டிலிருந்து விரலால் இழுத்தால் பல் பாதி வெளியே தெரிகிறது, அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. ஃபாக் லைட் வயரில் ரிலே இல்லை, நீங்கள் சொன்ன அதே கறுப்பு டேப்.

இன்ஷூரன்ஸ் 2027 வரை இருக்கிறது, அதுவே உங்களுக்கு லாபம் என்கிறார். இப்போது என்ன விலை சொல்லலாம்?


ஈரோடு பட்டறை:

அடி விலையை 1.42 என்று வைப்போம். அலாய்க்கு 9 ஆயிரம், கிராஷ் கார்டுக்கும் ஸ்டேக்கும் சேர்த்து 4 ஆயிரம், மதுரைக்காரர் சொன்னதற்காகத்தான் அந்த நாலு. சீட் உங்களுக்கு ஒத்துவந்தால் ஒரு 2 ஆயிரம். லைட், கண்ணாடி, ஹேண்டில் எதுவும் இல்லை. ஆக 1.57.

கழிக்க வேண்டியது: பின் டயர் 4,500, செயின் ஸ்பிராக்கெட் செட் வேலையோடு 4 ஆயிரம், சுமாரான நிலையில் ஒரு பழைய ஸ்டாக் சைலன்சர் தேடிப் பிடிக்க 5 ஆயிரம், வயரிங் சரி செய்ய 1,500. மொத்தம் 15 ஆயிரம். திரும்பவும் 1.42-க்கே வந்துவிட்டோம். கணக்கை அவர் முன்னாலேயே பேப்பரில் எழுதிக் காட்டுங்க. வாய்ப்பேச்சில் ஆயிரம் ஆயிரமாக இழுத்தால் அவருக்கும் கோபம் வரும், உங்களுக்கும் சலிப்பு வரும்.

1.38-ல் ஆரம்பியுங்க. ஸ்டாப்பர் சுத்தம், ஒரே ஓனர், சர்வீஸ் பதிவு சரி என்பதால் 1.47 வரைக்கும் போகலாம், தப்பில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. "அலாய், லைட், கார்டு எல்லாவற்றையும் நீங்களே கழற்றித் தனியாக விற்றுக்கொள்ளுங்க, ஸ்டாக்காக மாற்றிக் கொடுங்க, 1.40 தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்க. ஸ்போக் வீல் கையில் இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது. அவர் சொன்ன 60 ஆயிரத்துக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று அப்போது அவருக்கே புரியும்.

1.50 தாண்டினால் வேண்டாம். 2 லட்சம் கொடுக்கிற கையில் இன்னும் 25 ஆயிரம் சேர்ந்தால் வாரன்டியோடு புது வண்டியே வந்துவிடும்.


பாலிசி பார்க்கிறவர்:

நான் இன்ஷூரன்ஸ் வேலையில் இருப்பவன், அந்த 2027 பற்றி மட்டும் சொல்கிறேன். 2018 செப்டம்பர் முதல் விற்ற புது டூவீலர்களுக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான இன்ஷூரன்ஸ், கட்டாயம். அவர் சொல்லும் 2027 அதுதான். வண்டிக்கே சேதம் வந்தால் பணம் தரும் ஓன் டேமேஜ் பாலிசி தனி, அது பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். பாலிசித் தாளில் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓன் டேமேஜ் முடிந்திருந்தால் புதிதாக எடுக்கும் செலவையும் ஈரோடு அண்ணன் கணக்கில் கழியுங்கள். க்ளெய்ம் வாங்காமல் இருந்ததற்கு அவருக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி (நோ க்ளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது.

அலாய், கிராஷ் கார்டு போன்றவற்றைப் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் க்ளெய்மில் வரும். புதிதாக எடுக்கும்போது நீங்கள் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுக் கடன் பாக்கி காட்டுகிறதா, செலான் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபைனான்ஸ் பெயர் இன்னும் ஆர்சியில் இருந்தால் கடன் முடிந்தது என்று பேங்க் தரும் என்ஓசியும், ஆர்சியிலிருந்து அந்தப் பெயரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-உம் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சேஸிஸில் அடித்திருக்கும் நம்பரும் ஆர்சியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று நீங்களே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.


கரூர் ரைடர்:

ஆப்பில் பார்த்தேன், ஃபைனான்ஸ் பெயர் இன்னும் நிற்கிறது. லோன் போன வருடமே முடிந்துவிட்டது, என்ஓசி வாங்கவில்லை என்கிறார். முதலில் அதை வாங்கி வையுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். 1.40-க்கு எழுதிய கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்குக் கீழே வேண்டாம் என்றவர் இப்போது 1.65 என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கப் போகிறேன், டயரும் செயினும் காட்டி அங்கேயே நேரில் பேசிக்கொள்கிறேன்.