மண்டியில் மாமா நோட்டைக் கையில் கொடுத்த அன்று

தக்காளிக்காரன், பாலக்கோடு:
தக்காளி விலை விழுந்த சீசன். விழுந்தால் என்ன ஆகும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பறிகூலிக்கே கட்டாது. தாய்மாமாவுக்குக் குழுக் கடன், நகைக் கடன், மண்டியில் வாங்கிய முன்பணம் எல்லாம் சேர்ந்து கழுத்தில் நின்றது. சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. அப்புறம் திடீரென்று ஒரு நாள் தெளிந்துவிட்டார். சவரம் செய்துகொண்டு பேரனைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். "மனுசன் தேறிட்டாருப்பா" என்றார் அத்தை. அந்தத் தெளிவுதான் இன்னமும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் மண்டியில் கிரேட் இறக்கும்போது ஒரு நோட்டை என் கையில் வைத்தார். யாருக்கு எவ்வளவு பாக்கி, பத்திரம் எந்தப் பெட்டியில், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. "இனிமே நீ பாத்துக்க கண்ணு" என்றார். சுற்றிலும் ஏலச் சத்தம். "மாமா, செத்துடலாம்னு நெனப்பு ஏதாச்சும் இருக்கா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அறைவார் என்றுதான் நினைத்தேன். காலி கிரேட் மேல் உட்கார்ந்து, டீ வேணுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல் "ஆமாண்டா" என்றார். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. லோடைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

ஊத்தங்கரை டீச்சர்:
தம்பி சொன்ன அந்தத் தெளிவை நானும் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். நன்றாகப் படிக்கிற பெண், மார்க் எதிர்பார்த்த அளவு வரவில்லை. சர்டிபிகேட் வேலையாக வந்தவள், சிரித்துக்கொண்டே "நான் இல்லாட்டி அப்பாவுக்கு ஃபீஸ் மிச்சம் மிஸ்" என்றாள். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவளை ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்து, அரசின் மனநல உதவி எண் 14416 போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தமிழில்தான் பேசினார்கள். அவள் பேசப் பேச, நான் வெளியே போய் அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். அப்பாவுக்கு அல்ல.

அரூர்க்காரர்:
இப்படிப் பட்டென்று கேட்பது சரியில்லை தம்பி. இல்லாத நெனப்பை நாமே போட்டுவிட்ட மாதிரி ஆகும். எங்கள் மச்சான் ஒருத்தர் இதே மாதிரி இருந்தார். தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய் குளிக்க வைத்து நாலு நல்ல வார்த்தை சொன்னோம், சரியாகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் வேறு. பெண் கொடுக்க மாட்டான் எவனும்.

ஓசூர் ஷிப்ட்:
என் கதை சின்னது. சிப்காட்டில் லைன் வீட்டில் என்னோடு தங்கியிருந்தவன், நைட் ஷிப்டில் இருக்கும்போது "எல்லாரும் மன்னிச்சிடுங்க" என்று ஸ்டேட்டஸ் போட்டான். சூப்பர்வைசரிடம் காட்டினேன், அவர் பைக்கிலேயே ஓடினோம். கதவைத் திறந்தான். அவ்வளவுதான்.

அரூர் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் நெனப்பு வரும் என்பது தப்பு. ஏற்கெனவே உள்ளே இருப்பதுதான் வெளியே வரும், மனநல டாக்டர்களே நேராகக் கேட்கத்தான் சொல்கிறார்கள். கேஸ் பயமும் பழசு. 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309 பிரிவே கிடையாது. ஆஸ்பத்திரியில் தகவல் பதிவார்கள், அது வேறு. அப்புறம், தோட்ட வீடுகளில் பூச்சி மருந்தைத் திண்ணையில் வைக்காதீர்கள். பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும். காட்டுமன்னார்கோவில் பக்கம் ஊருக்குப் பொதுவாக ஒரே இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள், சாவு குறைந்தது. செத்துடலாம் என்கிற அந்த வேகம் கொஞ்ச நேரம்தான், அதைத் தாண்டிவிட்டால் பலர் திரும்பவும் முயல்வதில்லை. தனியாக விடாதீர்கள். குடும்ப மானம், பிள்ளைகள் கதி என்று வகுப்பெடுக்காதீர்கள். மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தாதீர்கள். குடி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஆரம்பித்த சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது, 044-24640050. அரசின் சுகாதார உதவி எண் 104-லும் பேசலாம்.

தக்காளிக்காரன், பாலக்கோடு:
ஷிப்ட் அண்ணே, பிரசங்கம் நீளம், ஆனால் சாவி விஷயம் சரி. எங்கள் வீட்டில் சாவி அத்தையிடம்தான் இருக்கிறது, மாமாவே கொடுத்தார். கடன் அப்படியேதான் இருக்கிறது, வாரக் கலெக்ஷன் ஆள் இன்னும் வருகிறான். மாமா இப்போது வாசலில் நின்று அவனிடம் தானே பேசுகிறார், உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதில்லை. அரூர் அண்ணே, பெண் கொடுக்கிற கதையெல்லாம் அப்புறம். ஆள் இருந்தால்தானே சம்பந்தம் பேசுவது?

அரூர்க்காரர்:
சரி, சண்டை வேண்டாம். டீச்சர், அந்த 14416 ராத்திரியில் எடுப்பார்களா? செலவு ஏதாவது ஆகுமா? மச்சான் பையனுக்காகக் கேட்கிறேன், போன வாரத்திலிருந்து யாரோடும் பேசுவதில்லை.

ஊத்தங்கரை டீச்சர்:
24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பையன் பேசாவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள் அண்ணா, வீட்டுக்காரர்களிடமும் பேசுவார்கள். இன்றைக்கே.