வீட்டை விற்குமுன் பின்பக்கத்துக்குப் பச்சை மறைப்பு: 6 மாதத்தில் எந்தச் செடி?

மூணுசென்ட்: கோவை, 3 சென்ட் வீடு. தை பிறந்ததும் விற்பதாக இருக்கிறோம், இப்போது ஆடி. பின்பக்கம் மேற்கு: நீளம் 22 அடி, சமையலறைக் கதவிலிருந்து காம்பவுண்ட் சுவர் வரை 10 அடி. சுவர் 5 அடி உயரம். சுவருக்கு அந்தப்பக்கம் 5 அடி தள்ளி அடுத்த வீட்டு பால்கனி. அதன் கைப்பிடிச் சுவர் 14 அடி உயரத்தில், எப்போதும் துணி காயும். கதவைத் திறந்தால் அதுதான் கண்ணில் படுகிறது. நர்சரியில் அரிகா பாம் அல்லது வேகமாக வளரும் கோனோகார்ப்பஸ் மரம் வைக்கச் சொல்கிறார்கள். சரிவருமா?

மண்வெட்டி: கோனோகார்ப்பஸ் வேண்டாம். குஜராத் 2023லேயே தடை செய்தது, தமிழக அரசும் தடை போட்டிருக்கிறது. அரிகா நல்ல செடிதான், ஆனால் மேற்கு வெயிலில் ஓலை நுனி கருகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

முதலில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கதவில் நிற்பவர் கண் 5 அடியில் இருக்கிறது. பால்கனி அங்கிருந்து 15 அடி தூரம், கண்ணைவிட 9 அடி உயரம். சுவரிலிருந்து 2 அடி உள்ளே, அதாவது கதவிலிருந்து 8 அடியில் மறைப்பு வைத்தால் 10 அடி உயரம் போதும். 22 அடி முழுக்க அடைக்காதீர்கள், இடம் இன்னும் குறுகித் தெரியும். பால்கனிக்கு நேராக 12 அடி நீளம் மறைந்தால் சரி. இதற்கு ரங்கூன் மல்லிக் கொடி. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், 6 மாதத்தில் 10 அடி ஏறிவிடும்.

12 அடி நீள ஒன்றரை இன்ச் ஜிஐ பைப் நான்கு, 4 அடிக்கு ஒன்றாக. 2 அடி மண்ணுக்குள், 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி). ஒரு அடிக்கு ஒரு வரிசை 12 கேஜ் கம்பி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான் வரும். கொடி அடர்ந்துவிட்டால் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். அதனால் ஓரக் கம்பங்கள் இரண்டுக்கும் சாய்வு முட்டு கட்டாயம். காம்பவுண்ட் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். பொதுச்சுவராக இருந்தால் விற்கும் நேரத்தில் தகராறு வரும்.

வேலிப்பருத்தி: நடவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவரோர மண் பெரும்பாலும் கட்டட இடிபாடு. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காது: நரம்பு பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாகும். ஒன்றரை அடிக் குழி எடுத்து அந்த மண்ணை வெளியே கொட்டுங்கள். செம்மண் 2 பங்கு, தொழுவுரம் 1, மணல் 1, குழிக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு. மூன்று கொடி, 4 அடி இடைவெளி. பையைக் கிழிக்கும்போது வேர்மண் உடையக் கூடாது. ஒரு மாதம் ரசாயன உரம் வேண்டாம்.

கொடி 2 அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளை மேலே ஏற விடாமல் கம்பியோடு பக்கவாட்டில் கட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் இலையெல்லாம் உச்சிக்குப் போய், கீழே 4 அடிக்கு மொட்டைத் தண்டுதான் மிஞ்சும்.

மூணுசென்ட்: செப்டிக் டேங்க் மூடி அந்த 12 அடிக்குள்தான் வருகிறது. ஒரு கொடியை அதன் பக்கத்தில் வைக்கலாமா?

மண்வெட்டி: வேண்டாம், மறைப்பை 3 அடி நகர்த்துங்கள். செப்டிக் மூடி, சம்ப், போர், சேம்பர் எல்லாம் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். வாங்க வருபவரும் பார்ப்பார், வங்கி இன்ஜினியரும் அளப்பார். மூடிமேல் செடி நின்றால் எதையோ மறைக்கிறோம் என்றுதான் தோன்றும். சுவரில் ஓதம் இருந்தாலும் இப்போதே சரிசெய்யுங்கள், கொடி வந்த பிறகு பூச முடியாது. மற்றபடி மேற்கில் உயரமாகச் செடி வருவது வாஸ்து பார்ப்பவர்களுக்கும் ஒத்துப்போகும்.

வேலிப்பருத்தி: ஆவணிக்குள் நட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் புதுக்குழியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். செடியடியை 3 இன்ச் மேடாக அணையுங்கள். ரங்கூன் மல்லி வெள்ளையாக விரிந்து மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். வாசனை பொழுது சாய்ந்த பிறகுதான். வீடு பார்க்க வருபவர்களை மாலை 6 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.