கண்மாயில் வற்றிய தண்ணீர் நமக்கே மழையாகத் திரும்புமா?

மேலூர் வாசகர் (கேள்வி):
மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு சின்னக் கண்மாய். நீர்ப்பரப்பு பத்து ஏக்கர் இருக்கும். மடை அடைத்தே கிடக்கிறது. ஆனாலும் மாசி, பங்குனி இரண்டு மாதத்தில் ஒன்றரை அடி இறங்கிவிடுகிறது. இதில் ஆவியாவது எவ்வளவு, பூமிக்குள் இறங்குவது எவ்வளவு? ஆவியானது சுற்றி இங்கேயே மழையாக விழும் என்கிறார்கள், சரிதானா?

நீர்க்கணக்கு (பதில்):
1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அந்த வெயிலுக்கு நாளொன்றுக்கு 5, 6 மி.மீ. ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால் 60 நாளில் 30 முதல் 36 செ.மீ. ஒன்றரை அடி என்பது 45 செ.மீ. மடையில் ஒழுக்கு இல்லையென்றால் மண்ணுக்குள் போனது மிச்சமுள்ள 9 முதல் 15 செ.மீ.தான். பத்து ஏக்கரில் 6 மி.மீ. என்பது தினமும் சுமார் 2,40,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இருபது!

ஊகம் வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். கரையோரம் நிழல் விழாத இடத்தில் நாலடி அகலத் தகரத் தொட்டியை மரச்சட்டத்தின் மேல் மட்டமாக வையுங்கள். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை தண்ணீர் விட்டு, மேலே கம்பிவலை போடுங்கள். வலை இல்லாவிட்டால் காக்காயும் ஆடும் குடித்ததெல்லாம் ஆவிக் கணக்கில் ஏறிவிடும். தினமும் காலை 8.30க்கு ஸ்கேல் வைத்துக் குறியுங்கள். தகரம் சூடேறுவதால் தொட்டியில் கூடுதலாக வற்றும். அதனால் வந்த அளவை 0.7ஆல் பெருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கசிவே இல்லை என்பது போலக் கணக்கு வரும். கண்மாய்க்குள் நட்ட அளவுக்கம்பு காட்டும் இறக்கத்தில் இதைக் கழித்தால் மிச்சம் கசிவு. மழை பெய்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மழைமானி (பதில்):
இரண்டாவது கேள்விக்கு: பெரும்பாலும் திரும்பாது. மேலே ஏறிய ஆவி மழையாக விழ சராசரியாக எட்டு, ஒன்பது நாள் ஆகும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றே ஒரு நாளில் 400 கி.மீ.க்கு மேல் தள்ளிக்கொண்டு போய்விடும். சித்திரை மாத இடிமழையில் உள்ளூர் ஈரம் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்வது வங்கக்கடலில் ஏறியது. உலக அளவிலும் ஆவியாவதில் ஏறத்தாழ 85 சதவீதம் கடலிலிருந்துதான்.

மேலூர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து கேரளப் பக்கமே கொட்டிவிடும். மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று சூடேறி மேகம் கலைகிறது. ஆடியில் நமக்குக் காற்று மட்டும் வருவது அதனால்தான். அங்கே பெய்தது பெரியாறு வழியாக அரபிக்கடலுக்கே திரும்ப வேண்டிய தண்ணீர். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, அதில் ஒரு பங்கை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பியது. உங்கள் கண்மாய் பெரியாறு பாசனத்தில் இருந்தால், அரபிக்கடலில் ஏறிய தண்ணீரும் அதில் நிற்கிறது. இயற்கையான சுழற்சியில் மனிதன் போட்ட இவ்வளவு பெரிய குறுக்குவழி நம் மாவட்டத்துக்கே சோறு போடுகிறது.

மேலூர் வாசகர்:
நன்றி சார். வண்டலை அள்ளி ஆழப்படுத்தினால் கசிவு கூடுமா?

நீர்க்கணக்கு:
கூடும். நைசான களிமண் அடியில் படிந்து மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகிறது, அதை எடுத்தால் தண்ணீர் இறங்கும். இன்னொரு லாபமும் உண்டு. ஆவியாவது பரப்பைப் பொறுத்தது. அதே தண்ணீர் ஆழமாக, குறுகிய பரப்பில் நின்றால் இழப்பு குறையும். ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டவே கூடாது. அங்கே சரளை தெரியும்வரை வெட்டினால் தண்ணீர் கரைக்கு அடியில் ஊறிப்போய்க் கரையே சரியும்.

நம் பக்கம் பாறை பூமி. சிதைந்த பாறையில் நூறு பங்குக்கு சுமார் இரண்டு பங்கு இடம்தான் தண்ணீர் நின்று கிணற்றுக்குக் கிடைக்கும். கணக்குப்படி 10 செ.மீ. கசிவு நிலத்தடி மட்டத்தை 5 மீட்டர் ஏற்ற வேண்டும். பக்கவாட்டில் பரவுவதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் கரையைத் தாண்டித் தாழ்வான பக்கத்தில் உள்ள கிணறுகளில் வித்தியாசம் தெரியும். தூர்வாரும் முன்பே அந்தக் கிணறுகளில் வாரம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முன் காலையில், நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்.