பள்ளிக்கூடச் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர என்ன செய்கிறீர்கள்?

கேள்வி: செய்யாறு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் எங்கள் ஊர். ஊரில் இருக்கிற அரசு நடுநிலைப் பள்ளியில்தான் என் மகள் ஏழாவதும் மகன் நாலாவதும் படிக்கிறார்கள். 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது பெற்றோர் உறுப்பினராக என்னையும் எடுத்தார்கள். இதுவரை கூட்டத்துக்குப் போனேன், கையெழுத்துப் போட்டேன், வந்தேன். போன வாரம் நடந்ததற்கு அப்புறம் அப்படியே விட மனசு வரவில்லை.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள். எட்டாவது பிள்ளைகளுக்கு மத்திய அரசு நடத்தும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்காக ஜூன் மாதத்திலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தாள். தேர்வு நாளன்று அவள் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் ஷேர் ஆட்டோவில் கிளம்பினார்கள். இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பெயரில் விண்ணப்பமே போகவில்லை.

அன்று ராத்திரி அவள் அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்பது பக்க நோட்டு. மனத்திறன் பகுதியில் வருமே, எண் வரிசை, எழுத்து வரிசை, கண்ணாடியில் தெரிகிற உருவம், அதெல்லாம் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறது. தப்பாய்ப் போனதைத் தானே சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்திலேயே மறுபடி செய்து பார்த்திருக்கிறாள். சில பக்கங்களில் மேலே நேரம் குறித்திருந்தாள். 90 கேள்விக்கு 90 நிமிடம் என்பதால் வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகியிருக்கிறாள். "என் பொண்ணு பேரு மட்டும் எப்படிக்கா விட்டுப்போச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் விசாரித்தேன். போட்டோவும் 50 ரூபாய் கட்டணமும் கொண்டுவரச் சொன்னது டிசம்பரில். அந்த வாரம் இவளுக்குக் காய்ச்சல். அடுத்து மழை விடுமுறை, அடுத்து அரையாண்டுத் தேர்வு. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள். குழுவில் இருக்கும் எண் அவள் அண்ணனுடையது. அவன் ஸ்ரீபெரும்புதூரில் வேலையில் இருக்கிறான், கவனிக்கவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடமே விண்ணப்பம் போட்டுவிடும் என்று இவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டணம் வரவில்லை என்றதும், விருப்பமில்லை போல என்று அங்கே விட்டுவிட்டார்கள்.

தேர்வானால் மாதம் 1,000 ரூபாய், ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை. நாலு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாடு முழுக்க 6,695 பேரைத்தான் எடுக்கிறார்கள், கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதக்கூட முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

இங்கே தாய்மார்களில் பாதிப் பேர் சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலை 5:40-க்குக் கம்பெனி பஸ். மழை நாளில் கலெக்டர் விடுமுறை அறிவிப்பது ஆறரைக்கோ ஏழுக்கோ டிவியில் வரும்போது அம்மா பஸ்ஸில் இருப்பாள். பிள்ளைகள் நனைந்துகொண்டே போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள். இந்த வருஷம் இரண்டு தடவை அப்படி நடந்தது.

உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்? வாட்ஸ்அப் தவிர வேறு வழி யாராவது வைத்திருக்கிறீர்களா? இதைக் குழுக் கூட்டத்தில் நான் எழுப்பினால் ஆசிரியர்களைக் குறை சொல்கிற மாதிரி ஆகுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, தயங்காமல் எழுப்புங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் குழுவே. கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் அடுத்த மாதம் அதிலிருந்து பேச்சைத் தொடரலாம்.

பள்ளிப் பக்கத்து நிலைமையையும் சொல்கிறேன். சென்னையில் போடும் ஒரு சுற்றறிக்கை முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று இறங்கித் தலைமையாசிரியரிடம் வருவதற்குள் கடைசித் தேதிக்குச் சில நாள்தான் மிச்சம் இருக்கும். அந்தச் சில நாளும் மழையில் போனால் உங்கள் தெருப் பெண்ணுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஆனால் பெரும்பாலான செய்திகள் புதிதாக வானத்திலிருந்து குதிப்பதில்லை, வருஷா வருஷம் அதே பருவத்தில் வருகின்றன. என்எம்எம்எஸ் தேர்வு 2023, 2024, 2025 மூன்று வருஷமும் பிப்ரவரியில்தான் நடந்தது. அப்படியானால் கட்டணம் கேட்பது மழையும் அரையாண்டும் சேர்ந்து வரும் நாட்களில்தான். அதனால் நான் பணியில் இருந்தபோது அக்டோபர் மாதமே எட்டாம் வகுப்புப் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவேன். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் (பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 50), வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள், இந்த இரண்டையும் அப்போதே பார்த்துப் பெயர்ப்பட்டியல் எழுதி வைத்துக்கொள்வேன். சுற்றறிக்கை வந்ததும் பட்டியலில் விடுபட்டவர் யார் என்று பார்த்தால் போதும். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் பெயரும் பட்டியலில் இருக்குமே.

இன்னொன்று. எமிஸ் பதிவில், அதாவது பிள்ளைகளின் விவரத்தைக் கல்வித் துறை கணினியில் வைத்திருக்கும் பதிவில், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன போன் எண் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். மாமா எண், பழைய எண், ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன எண் எல்லாம் கிடக்கும். வகுப்பாசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணுக்கு என் ஆசி. என்எம்எம்எஸ் எட்டாவதில் மட்டும்தான், அது போனது போனதுதான். ஆனால் ஒன்பதாவதில் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரை எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் என்றாலும் எழுதிப் பழகட்டும். பத்தாவதில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, அதில் ஆண்டுக்கு 10,000. அந்த நாற்பது பக்க நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், எதுவும் வீண்போகாது.

பதில் 2: பால் சொசைட்டி அக்கா, கோபி

எங்கள் ஊரில் வாட்ஸ்அப் வருவதற்கு முன்பிருந்தே ஒரு வழி உண்டு. பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை. பால் விலை எழுதுகிற அதே பலகையில் கீழே பாதியைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருக்கிறோம். காலையிலும் சாயந்திரமும் ஊரே கேனோடு வந்து நிற்கிற இடம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வரிசையில் நிற்கிற யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள். நானே அளந்து ஊற்றிக்கொண்டே, "உம் பேரனுக்கு நாளைக்குத் தடுப்பூசி போடறாங்க, சாப்பிட வச்சு அனுப்பு" என்று சொல்வேன்.

ஒரே ஒரு கண்டிப்பு. எந்தத் தேதியில் எழுதியது என்று மேலே போட்டாக வேண்டும். 2023-இல் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளித் தள்ளி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஜூன் 1, அப்புறம் 7, அப்புறம் 12, சின்ன வகுப்புக்கு 14. போனில் மூன்று செய்தியும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பலகையில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதிதை எழுத முடியும், அதனால் குழப்பம் வரவில்லை.

உங்கள் ஊரில் எல்லாரும் தினமும் ஒரு பத்து நிமிஷமாவது சேர்ந்து நிற்கிற இடம் எதுவென்று யோசித்துப் பாருங்கள் தங்கச்சி.

பதில் 3: முன்னாள் மாணவன், திருவாரூர்

அக்கா, நான் எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் முன்னாள் மாணவர் உறுப்பினர். வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டாம், ஒழுங்குபடுத்தினால் போதும். வாட்ஸ்அப் குழுவின் செட்டிங்ஸில் அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றிவிடுங்கள். குட்மார்னிங் பூவும் கோயில் படமும் நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். பேச்சுக்கும் சந்தேகத்துக்கும் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம்.

சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்து அப்படியே போடாதீர்கள். "பார்வையில் காணும் அரசாணையின்படி" என்று ஆரம்பிக்கிற காகிதத்தை யார் படிப்பார்கள்? நாங்கள் அரை நிமிடக் குரல் செய்தி போடுகிறோம். யாருக்கு, என்ன, என்ன கொண்டுவர வேண்டும், கடைசி நாள் எது, அவ்வளவுதான். பேசுகிற குரல் எப்போதும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும். எங்கள் ஊரில் சத்துணவு அக்கா பேசுவார். அந்தக் குரல் வந்தால் பள்ளிச் செய்தி என்று கிழவிகளுக்கும் தெரியும்.

பட்டன் போன் வீடுகளை எங்களால் முடிந்தவரை பிரித்துக்கொண்டோம். எனக்கு ஏழு வீடு. முக்கியமான செய்தி என்றால் ஏழு பேருக்கும் நானே போன் செய்துவிடுவேன்.

பதில் 4: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

நானும் ஒரு தாய்தான், அந்த நோட்டைப் பற்றிப் படித்ததும் என் வகுப்புப் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன் அம்மா.

ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று எதையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாகப் போட யாரையும் விடாதீர்கள். அவசரத்தில் பெற்றோர் போட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் மதிப்பெண்ணும் அப்படித்தான். வகுப்பாசிரியருக்குத் தனியாக அனுப்பட்டும், இல்லை நேரில் கொண்டுவரட்டும்.

அடுத்தது, ஆசிரியரையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் எழுத்தர் கிடையாது. வருகைப் பதிவு, எமிஸ், விண்ணப்பம் எல்லாம் பாடம் நடத்துகிற எங்கள் கையால்தான். யார் எந்த வீட்டுக்குச் சொல்லவில்லை என்று குழு உறுப்பினர் ஒருவர் வந்து கேட்டால் எனக்கு நிம்மதிதான், குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பதிலே கிடைக்காத விஷயங்களுக்குக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது, பட்டன் போனிலிருந்தும் பேசலாம். அதையும் பலகையில் ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மீண்டும்: செய்யாறு அம்மா

நாலு மாசம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி, பெரியவர் ஐயாவுக்கு ரொம்ப நன்றி.

கோபி அக்கா கேட்ட கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் சேர்ந்து நிற்கிற இடம் கம்பெனி பஸ் நிற்கிற புளியமரம்தான். ஐந்தரையிலிருந்து 5:40 வரை முப்பது முப்பத்தைந்து தாய்மார்கள் அங்கே நிற்கிறோம். அந்தக் கருக்கலில் தெருவிளக்கு வெளிச்சம் சரியாக மரத்தடியில் விழும். பள்ளியில் உடைந்து கிடந்த ஒரு கரும்பலகையைத் தலைமையாசிரியரிடம் கேட்டேன், உடனே கொடுத்தார். கால் வைத்து மரத்தடியில் நிறுத்தினோம். கூட்டத்தில் நான் பேசியபோது யாரும் தப்பாக எடுக்கவில்லை. அன்றைக்கே தீர்மானமாக எழுதினார்கள்.

எமிஸ் எண்களை எட்டாம் வகுப்புக்கு மட்டும் சரிபார்த்தோம். 31 பிள்ளைகளில் 12 பேருக்கு எண் தப்பு. இரண்டு எண்கள் ஊரை விட்டே போனவர்களுடையது. மற்ற வகுப்புகள் இன்னும் பாக்கி இருக்கிறது, வகுப்புக்கு ஒரு தாய் என்று பிரித்திருக்கிறோம். பட்டன் போன் வீடு மொத்தம் 22. தம்பி சொன்ன மாதிரி ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டோம்.

பள்ளி திறந்த அன்று பலகையில் முதலில் எழுதியது இதுதான்: "தேதி பார்க்கவும். எட்டாம் வகுப்புப் பெற்றோர் அக்டோபர் முதல் வாரம் பள்ளிக்கு வரவும். வருமானச் சான்று இப்போதே விண்ணப்பிக்கவும்." இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். கடைசி வீட்டு அம்மாவே பக்கத்தில் நின்று அவர்களுக்குப் பதில் சொன்னாள். அவள் பெண் இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது. ஊரகத் தேர்வு பற்றி அங்கே முதல் வாரமே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் எட்டாவது பிள்ளைகள் நாலு பேர் சாயந்திரம் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

தீராமல் நிற்பது மழை விடுமுறைதான். அறிவிப்பு வரும்போது பலகையைப் பார்க்க யாரும் இருக்க மாட்டோம். வீட்டில் இருக்கிற பாட்டிகளுக்கு யார் சொல்வது? காலை உணவு சமைக்கிற அக்கா ஆறு மணிக்கே பள்ளிக்கு வந்துவிடுவார், மழை நாளில் விடுமுறை தெரிந்ததும் பள்ளி மணியை விட்டு விட்டு மூன்று தடவை அடித்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மேலத்தெரு வரைக்கும் கேட்குமா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை அடித்துப் பார்க்கப் போகிறோம். வேறு யாராவது இப்படிச் செய்கிறீர்களா? அப்புறம், அக்டோபருக்குள் பலகைக்கு மேலே ஒரு தகரம் போட வேண்டும், சாக்பீஸ் எழுத்து சாரலுக்கே கரைகிறது. மழைக்கு அழியாத மாதிரி எதால் எழுதுகிறீர்கள் கோபி அக்கா?